வழிச் சாப்பாடு

(மடுத் திருவிழாவுக்குப் போய், பிறகு வெள்ளாங்குளத்தில் உறவினர் வீடுகளில் தங்கிய தோட்ட மக்களிடம், திரும்பும் பயணத்துக்கு முதல் நாள் மாலை நலன்புரி உத்தியோகத்தர் பேசியது.)



நாளைக்கு விடியக்காலை வேன் புறப்படுது. அதுக்கு முன்னால் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு.

வரும்போது மதவாச்சியில் நம்ம தங்கச்சி ஒருவர் மயங்கி விழுந்ததை எல்லாரும் பார்த்தீங்க. வெயில் என்றோம், வாகனம் ஒத்துக்கொள்ளவில்லை என்றோம். தண்ணி தெளித்து விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. முதல் நாள் இரவு தேத்தண்ணியும் பிஸ்கட்டும். காலையில் வாங்கிய ஒரே சோத்துப் பார்சலை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, "எனக்குப் பசிக்கல்ல சார்" என்று உட்கார்ந்திருக்கிறார். காசை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தார். அவரைக் குறை சொல்ல வரவில்லை. விலைப்பலகை இல்லாத அந்தக் கடையில் வேனை நிறுத்தச் சொன்னது நான். அது என் பிழை.

இந்தக் கரையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்க. நம்ம முன்னோர் தோணியில் வந்து இறங்கியது இந்த மன்னார்ப் பக்கம்தான். இங்கிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். சாப்பாடும் நல்ல தண்ணியும் இல்லாமல், வாந்திபேதி கண்டு வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 200 வருட நினைவாக 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளை வரைக்கும் நம்ம ஆட்கள் அந்தப் பாதையில் நடந்தார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வன்னிக்கு வந்தன. நம்மைத் தங்கவைத்த இந்த வீட்டுக்காரர்களும் அப்படி வந்தவர்கள்தான். அந்தக் காலத்தில் வழியில் பட்டினி கிடந்ததற்கு வேறு வழி இல்லை. இன்றைக்கு நாம் பட்டினி கிடக்கத் தேவையில்லை. கொஞ்சம் திட்டம் போட்டால் போதும்.

முதலாவது, கட்டிக்கொண்டு போகிற சாப்பாடு. நாளைக்கு ரொட்டி நல்லது. தேங்காய்ப்பூ போடாமல் சுட்டால் கூட நேரம் தாங்கும். தொட்டுக்கொள்ள நெத்தலிக் கருவாட்டையும் செத்தல் மிளகாயையும் நன்றாகப் பொரித்து எடுங்க. தேங்காய்ச் சம்பலும் பால் விட்ட கறியும் வெயிலில் சீக்கிரம் பழுதாகிவிடும், அவை வேண்டாம். சோறு கட்டுகிறவர்கள் ஆறவிட்டுக் கட்டி, 4 மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடிக்கணும். கெட்டுப்போன சோற்றைத் திரும்பச் சூடாக்கினாலும் அதிலுள்ள விஷம் போகாது.

இரண்டாவது, சத்து. பாணும் பணிசும் வயிற்றை நிரப்பும், ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடி பசிக்கும். அதே காசுக்குக் கச்சான் வாங்குங்க. 100 கிராம் கச்சானில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கு. அவித்த கடலையும் நல்லது. அவித்த முட்டையைக் காலைச் சாப்பாட்டோடு முடித்துவிடுங்க. வாழைப்பழத்தைத் தோலோடு கொண்டு போகலாம், ஈ மொய்க்காது. கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு இன்னொன்று சொல்றேன். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்க. சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்தால் அந்தச் சத்து நன்றாகச் சேரும்.

மூன்றாவது, தண்ணி. இன்றைக்கு இரவே கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஆளுக்கொரு போத்தல் நிரப்பி வைத்துக்கொள்ளுங்க. சோடா வாங்குகிற காசு முட்டைக்கு ஆகும். தண்ணிப் போத்தல் வாங்க நேர்ந்தால் அதில் அச்சடித்த விலையைப் பாருங்க. அதற்குக் கூட எடுத்தால் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம், அது நுகர்வோர் அதிகார சபையுடையது. வயிற்றோட்டம் வந்தால் ஒரு பக்கற் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணியில் முழுசாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கணும். பாதிப் பக்கற்றை ஒரு கிளாசில் கரைக்கக் கூடாது. என்னிடம் 6 பக்கற் இருக்கு.

நாலாவது, கடை. மலைக்கு ஏறி முடிய ஒரு பகல் முழுக்கப் போகும். மத்தியானம் ஒரு வேளை சூடான சோறும் பருப்பும் கடையில் சாப்பிடுவோம். விலைப்பலகை உள்ள கடையில்தான் வேன் நிற்கும். நான் முதலில் இறங்கி விலை கேட்டு வந்து சொல்றேன், அதுக்குப் பிறகு உட்காருங்க. பின்னேரம் கச்சானும் வாழைப்பழமும் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குடும்பம் குடும்பமாகத் தனித்தனியே செலவழிக்காமல், எல்லாரும் ஒரே பையில் காசு போடுவோம். மாவும் நெத்தலியும் இன்றைக்கே மொத்தமாக வாங்குவோம். கணக்கை நீங்களே ஒருவரைத் தெரிந்து எழுதச் சொல்லுங்க. கையில் காசு குறைந்தவர்கள் இருந்ததைப் போடட்டும். யார் எவ்வளவு போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது.

தாய்மார்களே, பிள்ளைக்குக் கொடுங்க, வேண்டாம் என்று சொல்லல. ஆனால் நீங்களும் சாப்பிடணும். மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போகப் போகிறவர்கள் நீங்கதான். நாளைக்குச் சாப்பிடும்போது முதல் ரொட்டி அந்தத் தங்கச்சிக்கு. அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் நான் சாப்பிடுவேன்.

அடுப்பு மூட்ட மூன்று பேர் வேணும். யார் வாறீங்க?