கொட்டகையை நடத்தியவர்கள்

இந்த விழுப்புரத்தில் நாடகம் என்று பேச்செடுத்தால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது நடிகர் திலகத்தின் பெயர். 1928 அக்டோபர் 1ஆம் தேதி சிவாஜி கணேசன் பிறந்த ஊர் இது. அந்தப் பெருமை நமக்கு என்றும் உண்டு. ஆனால் சின்னப் பையனாக நாடகக் கம்பெனிக்குப் போன கணேசனை மேடையில் நிற்க வைத்து, நடக்க வைத்து, சீதை வேஷம் கட்ட வைத்தவர்கள் யார்? யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை என்று ஒருவர் கம்பெனி நடத்தினார். அவர் கம்பெனியில் வளர்ந்த பிள்ளைதான் கணேசன். பொன்னுசாமிப் பிள்ளை பெயர் இந்த அவையில் எத்தனை பேருக்குத் தெரியும்? நடித்தவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம். கொட்டகை போட்டு, சோறு போட்டு, பாடம் சொல்லி அவரை உருவாக்கியவரை விட்டுவிட்டோம். இன்றைக்கு நான் அந்தக் கம்பெனிக்காரர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அவர்கள் கதை தொடங்குவது விக்டோரியா மகாராணியும் அடுத்து எட்வர்டு மன்னரும் ஆண்ட காலத்தில். தென்னிந்திய ரயில்வே இந்தப் பக்கம் தண்டவாளம் போட்டது 1870களில். 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிளைப்பாதை திறந்தார்கள். அதற்கு முன்பு நாடகக்காரர்கள் மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார்கள். ரயில் வந்த பிறகு திரைச்சீலை, உடுப்புப் பெட்டி, ஆர்மோனியம், ஐம்பது ஆள், சமையல் பாத்திரம், அத்தனையும் ஓர் இரவில் ஊர் மாற முடிந்தது. சென்னையில் முகாம் முடித்த கம்பெனி திண்டிவனம், விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம் என்று பாதையைப் பிடித்துக்கொண்டே தஞ்சைச் சீமைக்குப் போய்விடலாம். நம்முடைய ரயில் நிலையங்கள் அந்தக் கலையின் வழித்தடத்தில் நின்றவை.

இங்கிலாந்திலும் இதே காலத்தில் இதேதான் நடந்தது. ரயில் வந்த பிறகு உள்ளூர் நாடகக் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன, ஊர் சுற்றும் கம்பெனிகள் பெருகின. பிராங்க் பென்சன் என்பவர் 1883இல் ஒரு கம்பெனி தொடங்கி, பல ஆண்டுகள் சிற்றூர்களுக்கெல்லாம் ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் கொண்டுபோனார். அவரிடம் பழகி வந்த இளம் நடிகர்கள்தான் பிறகு லண்டன் மேடைகளில் பெயர் வாங்கினார்கள். 1916இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில், நாடக உடையில் இருந்த பென்சனுக்கு மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் சர் பட்டம் கொடுத்தார். இந்த 1916ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் ஒருவர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 1891இல், இருபத்து நாலு வயதில், அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு மேடை ஏறினார். அதே 1891இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அங்கே இருந்தவர்கள் படித்த கனவான்கள். பகலில் கச்சேரி உத்தியோகம், மாலையில் நாடகம். சங்கரதாசுக்கு நாடகமே பிழைப்பு. வசூல் இல்லாவிட்டால் மறுநாள் உலை கொதிக்காது.

எமன், இரணியன், ராவணன், சனீஸ்வரன் என்று உக்கிரமான வேஷங்களையே அவர் கட்டினார். அவருடைய சனீஸ்வரன் வேஷத்தைக் கண்டு மிரண்ட ஒரு கர்ப்பிணியின் கரு கலைந்துவிட்டது என்றும், அன்றோடு அவர் வேஷம் கட்டுவதை விட்டார் என்றும் நாடக உலகில் சொல்வார்கள். பிறகு தலம் தலமாகப் போனார், துறவுக் கோலம் பூண்டார், சங்கரதாஸ் சுவாமிகள் ஆனார். மேடைக்கு முன்னால் நின்றவர் மேடைக்குப் பின்னால் போனது தமிழ் நாடகத்தின் பாக்கியம் என்றே நான் சொல்வேன். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, இன்றைக்கும் நம் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிற இந்த நாடகங்கள் அவர் கையிலிருந்து வந்தவை.

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபை என்று சொந்தமாகக் கம்பெனி கண்டார். பிறகு ஜெகந்நாதய்யருடைய சிறுவர் கம்பெனியில் வாத்தியாராக இருந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ஏன் சிறுவர்கள்? வளர்ந்த நடிகர்கள் ராஜபார்ட் என்றால் தலைக்கனத்தோடு வருவார்கள், குடித்துவிட்டு வருவார்கள், பாட்டை இஷ்டத்துக்கு இழுப்பார்கள், பாதியில் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். சுவாமிகள் சலித்துப்போனார். பிள்ளைகளை எடுத்து, தமிழும் பாட்டும் சொல்லி வளர்த்தால் நாடகம் உருப்படும் என்று முடிவு செய்தார். அப்படி வந்த பிள்ளைகளில் ஒருவர் ஆறு வயது டி.கே.ஷண்முகம். அவருக்காகவே நான்கு மணி நேர அபிமன்யு நாடகத்தை, பாட்டும் வசனமுமாக, சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று ஷண்முகம் அண்ணாச்சியே பதிவு செய்திருக்கிறார்.

நாடகம் எழுதினால் மட்டும் கம்பெனி நடந்துவிடாது, ஐயா. ஏஜெண்ட் முன்னாலேயே போய் அடுத்த ஊரில் இடம் பார்க்க வேண்டும். கீற்றுக் கொட்டகையோ தகரக் கொட்டகையோ ஏற்பாடு செய்ய வேண்டும். போலீசில் லைசென்ஸ் வாங்க வேண்டும். 1876இல் வந்த நாடகச் சட்டம் கையில் இருக்க, அரசாங்கத்தால் நாடகங்களைத் தடுக்க முடிந்தது. வண்டியில் பேண்டு வாசித்துக்கொண்டு நோட்டீஸ் போட வேண்டும். தரை, பெஞ்சு, நாற்காலி என்று டிக்கெட் பிரிக்க வேண்டும். இந்தத் தென்னாற்காட்டுச் சீமையில் விளைந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சுக்குக் கப்பலேறிய காலம் அது. மல்லாட்டைப் பணம் குடியானவன் மடியில் எப்போது இருக்கும், எப்போது இருக்காது என்பது தெரியாதவன் இந்தப் பக்கம் முகாம் போட முடியாது. ஒரு வாரம் மழை பிடித்தால் போதும், ஐம்பது பேருக்கும் சோறு கடனில்தான்.

இதில் ஒரு வேதனையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனிச் சிறுவர்கள் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள். இரவெல்லாம் கண் விழித்தார்கள், பாடம் தப்பினால் அடி வாங்கினார்கள். குரல் உடைந்த வயதில் எத்தனையோ பிள்ளைகள் வேலையில்லாமல் வீடு திரும்பினார்கள். புகழ் பெற்றவர்கள் வாழ்க்கை வரலாறு எழுதினார்கள். மற்றவர்கள் கதை எங்கும் எழுதப்படவில்லை. சுவாமிகளை வணங்குகிற அதே மனதோடுதான் அந்தப் பிள்ளைகளையும் நினைக்கிறேன்.

பெண்களும் கம்பெனி நடத்தினார்கள் என்பதை நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் கம்பெனி நடத்தினார். அவர் நாடகம் பார்க்க வரும் கூட்டத்துக்காகவே இரவில் ரயில் விட்டார்கள். பாலாமணி ஸ்பெஷல் என்றே அதற்குப் பெயர். ஆண்களே பெண் வேஷம் கட்டிய நாளில், அங்கே ஆண் வேஷத்தையும் பெண்களே கட்டினார்கள். அந்த அம்மையாரும் கடைசிக் காலத்தில் வறுமையில்தான் வாழ்ந்தார்.

சுவாமிகளுக்கு வருகிறேன். 1921இல் சென்னையில் முகாம் இருந்தபோது அவரைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் விழுந்தன, பேச்சு போயிற்று. எத்தனை ஆயிரம் பாட்டு எழுதிய கை, எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய்! கம்பெனி அவரை விட்டுவிடவில்லை. போகிற ஊருக்கெல்லாம் கூடவே வைத்துக்கொண்டது. 1922 நவம்பர் 13ஆம் தேதி, புதுச்சேரி முகாமில், அவர் உயிர் பிரிந்தது. பென்சனுக்கு மன்னர் சர் பட்டம் கொடுத்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நம் ஆசானுக்கு எந்த அரசாங்கமும் எந்தப் பட்டமும் கொடுக்கவில்லை. அவரைச் சுற்றி நின்றவர்கள் அவர் பிள்ளைகள்தான்.

அவர் சமாதி புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. இங்கிருந்து ரயில் ஏறினால் நாற்பது கிலோமீட்டருக்குள் போய்விடலாம். நாம் எத்தனை பேர் போயிருக்கிறோம்?

நம் மண்ணில் கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. செஞ்சிப் பக்கம் மேலச்சேரியில் திரௌபதி அம்மன் இருக்கிறாள். நம் கிராமங்களில் பாரதம் படித்து, கூத்து கட்டி, தீ மிதிக்கிறோம். அங்கே கூத்துக் குழுவான ஜமாவை நடத்துகிற வாத்தியார் இன்றைக்கும் அதே பாரத்தைத்தான் சுமக்கிறார். வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் வாங்குவதும், ஆள் சேர்ப்பதும், வேன் பேசுவதும், கூலி பிரிப்பதும் அவர்தான். நூறு வருஷத்துக்கு முந்தைய கம்பெனிக்காரரின் பாடு எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், அடுத்த கூத்தில் வேஷக்காரரைப் பார்த்த பிறகு அந்த வாத்தியாரிடமும் போய்ப் பத்து நிமிஷம் பேசுங்கள்.

இரண்டு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பழைய நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், ஒப்பந்தப் பத்திரம், கம்பெனி போட்டோ எது இருந்தாலும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். நாம் கூடியிருக்கும் இந்த நூலகத்துக்குக் கொண்டுவாருங்கள். படம் எடுத்துக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். அதை வைத்திருந்த தாத்தாவின் பெயரையும் அவர் எந்தக் கம்பெனியில் இருந்தார் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, வருகிற நவம்பர் 13ஆம் தேதி காலையில் விழுப்புரம் ஜங்ஷனுக்கு வாருங்கள். திண்டிவனத்து நண்பர்கள் முதல் ரயிலிலேயே வந்துவிடுங்கள். எல்லோருமாகப் புதுச்சேரி போவோம். ஜமா வாத்தியார்கள் முன்னால் நடக்கட்டும், சுவாமிகள் சமாதிக்கு மாலையை அவர்கள் கையால் போடட்டும்.