பிள்ளையும் பிரயாணமும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்தகைய முகாம்களில் நாம் கூடும்போது சாலை, குடிநீர், விதை, எரு, கடன் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால் சாலை போடுவது எதற்காக? மக்கள் அதன்மீது போய்வருவதற்காக. நாம் போட்ட சாலையில், நாம் மனுக் கொடுத்துக் கேட்டு வாங்கிய பேருந்தில், ஏறிப் போக இயலாத சில குடும்பங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. அக்குடும்பங்களில் கால் முடமானவர் எவரும் இல்லை. ஓடியாடித் திரியும் ஒரு பிள்ளையே இருக்கிறான். அவனைப் பற்றியும் அவனைப் பெற்றோரைப் பற்றியும் இன்று சிறிது பேச விரும்புகிறோம்.

நமது வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் உண்டு. அவனுக்குப் பேச்சு வரவில்லை. வாய்க்கால் வரப்பில் விழாமல் ஓடுவான். தன் வீட்டுக் கன்றுகளை இருட்டிலும் அடையாளம் காண்பான். ஆனால் பேருந்தின் ஊதல் ஒலி கேட்டால் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறுவான். மாவட்டத் தலைநகரில் உள்ள மருத்துவமனைக்கு அவனை அழைத்துச் செல்ல அவன் தாய் புறப்பட்டார். பாதி வழியில் அவன் கூச்சலிட்டுக் கீழே புரண்டான். 'பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை' என்றார் ஒருவர். 'ஓர் அறை விட்டால் அடங்குவான்' என்றார் மற்றொருவர். தாய் மகனுடன் இறங்கிவிட்டார். ஏழு கிலோமீட்டர் வெயிலில் நடந்தே வீடு திரும்பினார்.

இது அவருடைய முதல் பயணமன்று, மூன்றாவது பயணம். முதலிரண்டு முறையும் அவர் நமது அலுவலகத்திற்கு வந்திருந்தார். உதவித்தொகைக்கான விவரம் கேட்டு வந்தவரிடம், 'பையனை நேரில் அழைத்து வாருங்கள்' என்று சொல்லி அனுப்பியவர்கள் நாமே. அழைத்து வந்தபோது, 'மருத்துவச் சான்று இல்லையே' என்று திருப்பி அனுப்பியவர்களும் நாமே. காகிதத்தில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் ஒரு தாயை மும்முறை அலைக்கழித்த பிழை நம்முடையது. அதை இந்த மேடையில் ஒப்புக்கொண்டு மேலே செல்கிறோம்.

இந்தப் பிள்ளைகளின் இயல்பு என்ன என்பதை முதலில் அறிந்துகொள்வோம். மூளையின் வளர்ச்சி எல்லோருக்கும் ஒரே விதமாக அமைவதில்லை. சிலருக்கு ஒலியும் ஒளியும் தொடுகையும் மற்றவர்களைக் காட்டிலும் பன்மடங்காகத் தாக்கும். சிலருக்குப் பேச்சு தாமதமாக வரும். சிலருக்கு வருவதே இல்லை. சிலரால் ஓரிடத்தில் நிலையாக இருக்க இயலாது. இவற்றுள் ஒரு வகையை ஆட்டிசம் என்று மருத்துவர்கள் அழைக்கின்றனர். 1943-ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனை விவரித்து எழுதினார். அதன் பின் சில காலம் வரை, தாய் அன்பு காட்டாததே காரணம் என்று படித்தவர்களே கூறிவந்தனர். இத்தகைய ஒரு மகனுக்குத் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்டு என்னும் மனநூல் அறிஞர் 1964-ஆம் ஆண்டில் நூலெழுதி அதனை மறுத்தார். 1977-ஆம் ஆண்டில் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி, இதற்குப் பிறவியிலேயே வேர் உண்டு என்று காட்டிற்று. ஆகவே இது தாயின் குற்றமன்று, முற்பிறவிப் பாவமுமன்று, கண்ணேறும் அன்று. அடித்துத் திருத்தக்கூடியதும் அன்று.

விவசாயிகளாகிய உங்களுக்கு நாற்று நடவைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. நாற்றங்காலில் தழைத்து நின்ற பயிர், பறித்து நட்டவுடன் சில நாள் வாடுகிறது. மண்ணும் நல்ல மண். நீரும் நல்ல நீர். இடம் மாறியதே அதன் துன்பம். இந்தப் பிள்ளைகளுக்கும் மாறுதலே பெருந்துன்பம். நாள்தோறும் ஒரே வழி, ஒரே வேளை, ஒரே தட்டு என்றிருந்தால் அமைதியாக இருப்பார்கள். பிரயாணம் என்பது ஒரே நாளில் பல மாறுதல்கள் சேர்ந்து வருவது. ஆதலால்தான் அது அவர்களுக்கு அத்தனை கடினமாகிறது.

பிரயாணத்தை எளிதாக்கும் வழிகள் உண்டு. அவற்றுக்குப் பணம் வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும்.

முதலாவது, முன்னறிவிப்பு. புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே பிள்ளையைப் பேருந்து நிற்கும் இடத்திற்கு அழைத்துச் சென்று காட்டித் திரும்ப வேண்டும். வீடு, நிறுத்தம், பேருந்து, மருத்துவமனை, மீண்டும் வீடு என்று ஐந்து படங்களை ஒரு அட்டையில் வரைந்து தினமும் காட்டலாம். பேச்சு வராத பிள்ளைக்கும் படம் புரியும். கடைசிப் படம் வீடாக இருப்பது முக்கியம். திரும்பி வருவோம் என்று தெரிந்தால் பாதி அச்சம் நீங்கும்.

இரண்டாவது, சிறுகச் சிறுகப் பழக்குதல். முதல் நாள் ஒரு நிறுத்தம் மட்டும் போய் இறங்கித் திரும்பலாம். அது பழகிய பின் இரண்டு, மூன்று நிறுத்தங்கள் போகலாம். கூட்டமில்லாத வேளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டுநரின் அருகே என்ஜினின் ஒலியும் சூடும் மிகுதி; பின்புறத்தில் குலுக்கல் மிகுதி. ஆகவே நடுப்பகுதியில் சன்னலோரம் உட்காருவது நலம்.

மூன்றாவது, கைப்பை. அவன் வழக்கமாக உண்ணும் பண்டம், குடிநீர், பழகிய துண்டு, பிடித்தமான ஒரு பொருள், காதில் வைக்கப் பஞ்சு ஆகிய இவை போதும். சட்டைப்பையில் பெயர், ஊர், தொலைபேசி எண் எழுதிய சீட்டு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

நான்காவது செய்ய வேண்டியது உடன் பயணம் செய்வோர் கையில் இருக்கிறது. ஒரு பிள்ளை அலறினால் சுற்றிக் கூடாதீர்கள், வேடிக்கை பார்க்காதீர்கள், உபதேசம் செய்யாதீர்கள். சிறிது இடம் விட்டு, 'அம்மா, என்ன உதவி வேண்டும்?' என்று மட்டும் கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்று அவர் சொன்னால் பேசாமல் இருங்கள். அதுவே பேருதவி.

பிரயாணம் என்று சொன்னது பேருந்துப் பயணத்தை மட்டுமன்று. ஒரு குடும்பம் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குச் செல்வதும் பிரயாணமே. பிள்ளை பள்ளியில் சேர்வது, ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போவது, அக்காள் மணமாகிப் புகுந்த வீடு செல்வது, தந்தை பிழைப்புக்காக வெளியூர் போவது, வளர்த்த பாட்டி காலமாவது ஆகியவை எல்லா வீட்டிலும் நிகழ்பவை. மற்றப் பிள்ளைகள் அழுது ஓய்ந்துவிடுவார்கள். இந்தப் பிள்ளையோ காரணம் சொல்லத் தெரியாமல் உணவை மறுப்பான், இரவில் உறங்கமாட்டான். அதைப் பிடிவாதம் என்று எண்ணிவிடக் கூடாது. பள்ளி திறப்பதற்கு முன்பே வெற்று வகுப்பறையைக் காட்டி வருவதும், திருமணத்திற்குப் பல வாரங்களுக்கு முன்பே அக்காளின் புது வீட்டுக்கு அழைத்துச் சென்று திரும்புவதும் நல்ல பழக்கங்கள். வீட்டில் எது மாறினாலும், உண்ணும் வேளையும் உறங்கும் இடமும் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டமும் அரசாங்கமும் செய்துள்ள வசதிகளைக் கூறுவோம். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இடம்பெற்றிருந்தன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 ஆக உயர்த்தி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. சான்று பெற்றவர்களுக்கு நாடெங்கும் செல்லும் தனித்துவ அடையாள அட்டை வழங்கப்படுகிறது. நமது மாநிலத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் அவருடன் செல்லும் ஒருவரும் கட்டணமின்றிப் போக 2021-ஆம் ஆண்டில் ஆணை பிறந்தது. இரயிலில், தனியே செல்ல இயலாத அறிவுசார் குறைபாடுடையவருக்கும் துணை வருபவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் நூற்றுக்கு 75 பங்கு கட்டணச் சலுகை உண்டு. இதற்கு இரயில்வே வகுத்த படிவத்தில் மருத்துவச் சான்று வேண்டும். பிள்ளைக்கு 18 வயது நிறைந்தபின், அவன் சார்பில் முடிவெடுக்கக் காப்பாளர் தேவைப்பட்டால், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சித்தலைவர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். 'எமக்குப் பின் யார்?' என்ற கவலையால் உறங்காத பெற்றோர் இதனை அறிந்திருப்பது அவசியம்.

2013-ஆம் ஆண்டில் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து பரிசோதிக்க வேண்டும். ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை, விரல் நீட்டி எதையும் காட்டாத குழந்தை ஆகியோரை அன்று தவறாமல் கொண்டுவந்து காட்டுங்கள். எவ்வளவு விரைவில் பயிற்சி தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை.

இனிப் பஞ்சாயத்துச் செய்ய வேண்டியவை.

ஒன்று: உங்கள் ஊரில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று அங்கன்வாடிப் பணியாளரையும் ஆசிரியரையும் கேட்டுப் பட்டியல் எழுதுங்கள். சில வீடுகளில் வெட்கத்தால் மறைப்பார்கள். அங்கே அதிகாரியாகப் போகாமல் அண்டை வீட்டாராகப் போங்கள்.

இரண்டு: கிணறுகளும் குளங்களும். இந்தப் பிள்ளைகளுள் பலர் கண்ணிமைக்கும் நேரத்தில் வீட்டைவிட்டு வெளியேறிவிடுவர். நீரால் ஈர்க்கப்படுவோர் அவர்களுள் உண்டு. அப்படி வெளியேறும் பிள்ளைகளுக்கு நேரும் ஆபத்துக்களில் நீரில் மூழ்குவதே முதன்மையானது. கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகளைக் கணக்கெடுத்து மூடவோ வேலியிடவோ செய்யுங்கள். பிள்ளை காணாமற்போனால் முதலில் நீர்நிலைக்கு ஓடுங்கள். தெருவைப் பிறகு தேடலாம்.

மூன்று: நிறுத்தத்தில் நிழலும் ஒரு பலகையும் அமையுங்கள். திருவிழாவில் வெடியும் ஒலிபெருக்கியும் தொடங்கும் வேளையை அந்த வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். குழாயை அவர்கள் வீட்டுப் பக்கம் திருப்பாதீர்கள்.

நான்கு: 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் திருத்தப்பட்டு, மாற்றுத்திறனாளிகளை ஊராட்சிகளில் உறுப்பினராக நியமிக்க வழி செய்யப்பட்டது. அவர்கள் சொல்லும் குறையைக் கேட்டு நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதுங்கள். வெறும் நாற்காலி கொடுத்து அமர்த்துவது மரியாதையாகாது.

ஐந்து: இதுவே அனைத்திலும் பெரிது. இருபது பிள்ளைகள் மருத்துவரிடம் போவது எளிதா, மருத்துவர் ஒருவர் இருபது பிள்ளைகளிடம் வருவது எளிதா? முகாமை ஒன்றியப் பள்ளியிலேயே நடத்துமாறு தீர்மானம் போட்டு எழுதுங்கள். வாகனமும் இடமும் ஏற்பாடு செய்வது நமது கடமை, செய்து தருகிறோம்.

நாம் முன்பு சொன்ன தாயின் கதையை முடிக்க வேண்டும். அவர் நடந்து திரும்பிய செய்தி எட்டிய பின்னரே நமக்கு உறைத்தது. ஒன்றியப் பள்ளியில் முகாம் கூட்டினோம். மின்விசிறி ஒலிக்காத ஒரு மூலை அறையை அந்தச் சிறுவனுக்கென ஒதுக்கி, வரிசையில் நிறுத்தாமல் முதலில் அழைத்தோம். அன்றே சான்று கிடைத்தது. அதன்பின் பயிற்சிக்காக மாவட்டத் தலைநகருக்குச் செல்ல அவன் தாய் ஒரு மாதம் வரை அவனைப் பேருந்துக்குப் பழக்கினார். நடத்துநர் ஒருவரும் ஒத்துழைத்தார். அவர்கள் ஏறும் இடத்தில் ஊதல் அடிக்க வேண்டாமென்று ஓட்டுநரிடம் சொல்லிவைத்தார். நான்காவது முயற்சியில் போய்ச் சேர்ந்தார்கள்.

இன்றும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. திடீரென்று ஊதல் கேட்டால் இன்றும் அலறுகிறான். ஆனால் அந்தத் தாய் நடுவழியில் இறங்குவதில்லை. இறங்கும்படி எவரும் சொல்வதுமில்லை. அண்மையில் நம்மைக் கண்டபோது அவர் நன்றி கூறவில்லை. 'ஐயா, அடுத்த தெருவிலும் இப்படி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அவர்கள் வெளியே காட்டுவதில்லை. நீங்கள் வரவேண்டாம், நானே போய்ச் சொல்லுகிறேன்' என்றார். முன்பு திருப்பி அனுப்பிய நமக்கு அதைவிடத் தகுந்த பதில் வேறில்லை.

அடுத்த கிராம சபைக்கு வரும்போது ஒவ்வொரு பஞ்சாயத்திலிருந்தும் இரண்டு தாள்களை எதிர்பார்க்கிறோம். ஒன்றில் பிள்ளைகளின் பட்டியல் இருக்கட்டும். மற்றொன்றில் சுவரில்லாத கிணறுகளின் பட்டியல் இருக்கட்டும். பட்டியலைப் பெற்றுக்கொண்டு எவரையும் அலுவலகத்திற்கு வரச்சொல்லமாட்டோம், நாமே வருவோம்.