உலாவியின் வேடமும் உழைப்பாளியின் சேமிப்பும்



மொழி மன்றத்தின் மேடையில் இணையப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும், வங்கிகள் கைப்பேசிக்கு அனுப்பும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலுமே வருகின்றன. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த மூத்தோரின் சேமிப்பும் அந்த எச்சரிக்கைகளுக்குப் பின்னால்தான் இருக்கின்றது. ஆகவே, இதனைத் தமிழில் விளக்குதலும் மொழிப்பணியே ஆகும்.

நெகிரி செம்பிலானின் லாபு, ரந்தாவ், சிலியாவ், பாகாவ் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரக் காட்டில் உழைத்தனர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்தால்தான் அன்றைய கூலி. பெயர் கூப்பிட்டதும் எவரும் குரல் கொடுத்துவிடலாம். ஆனால், கங்காணிக்கு ஆள் தெரியும். முகம், நடை, உயரம், கையிலுள்ள வாளி ஆகிய அனைத்தும் சேர்ந்துதான் ஆளை அடையாளம் காட்டின. பெயர் ஒன்று மட்டும் சான்றாகாது என்னும் இப்பாடமே இன்றைய பொருளுக்கு அடிப்படை.

இன்று பால்மரம் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கின்றது. கூலி வங்கிக் கணக்கில் சேர்கின்றது. 1951இல் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணத்தையும் இணையவழியே பார்க்கின்றோம். ஆனால், வங்கியின் கணினிக்கு நம் முகம் தெரியாது. அதன் வாசலில் வந்து நிற்பது நாம் பயன்படுத்தும் உலாவி மட்டுமே.

ஒவ்வோர் உலாவியும் இணையத்தளத்தை அணுகும்போது, தான் இன்ன உலாவி, இன்ன இயங்குதளத்தில் ஓடுகின்றது என ஒரு வரியில் அறிவித்துக் கொள்கின்றது. இவ்வறிவிப்பு தொடக்கத்திலிருந்தே நம்பத்தக்கதாக இருந்ததில்லை. 1990களில் சில தளங்கள், 'மொசில்லா' எனத் தன்னை அழைத்துக்கொண்ட நெட்ஸ்கேப் உலாவிக்கே சிறந்த பக்கங்களை அனுப்பின. அவற்றைப் பெறுவதற்காக இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அதே பெயரைச் சொல்லத் தொடங்கியது. 2008இல் வந்த குரோமும் அப்பெயரைச் சுமந்தே வந்தது. அந்த வேடத்தில் குற்றம் இல்லை. ஆனால், திருடிய கடவுச்சொல்லுடன் வருபவனும் இந்த ஒரு வரியை எளிதில் மாற்றி, கணக்குக்கு உரியவரின் கைப்பேசி போல நடிக்க முடிகின்றது.

பிறகு வேடத்தை எவ்வாறு கண்டுபிடிக்கின்றார்கள்? கங்காணி செய்ததைத்தான் கணினியும் செய்கின்றது. பல அடையாளங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகின்றது. கைப்பேசி எனச் சொல்லிக்கொள்ளும் உலாவிக்குத் தொடுதிரை இல்லையென்றால் ஐயம் எழுகின்றது. ஐபோன் எனக் கூறுவதன் வரைகலைச் சில்லு மேசைக்கணினிக்கு உரியதாக இருந்தால் ஐயம் வலுக்கின்றது. பாகாவிலிருந்து வருவதாகக் காட்டும் இணைப்பில், கடிகாரம் வேறொரு கண்டத்தின் நேரத்தைக் காட்டக்கூடாது. மறையீட்டுத் தொடர்பைத் தொடங்கும் முறையிலும் ஒவ்வோர் உலாவிக்கும் தனிப்பழக்கம் உண்டு. குரோம் எனச் சொல்லிக்கொண்டு தானியங்கி நிரலின் முறையில் கைகுலுக்கினால், அதுவும் காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வடையாளங்களின் தொகுப்பை உலாவியின் கைரேகை என்பர். 2010இல் வெளியான ஆய்வொன்றில் சோதிக்கப்பட்ட 470,161 உலாவிகளுள் 83.6 விழுக்காடு, மற்றெதனோடும் ஒத்துப்போகாத தனிக் கைரேகை கொண்டிருந்தன.

கைரேகையையே திருடிவிட்டால் என்ன செய்வது? அதுவும் நிகழ்ந்தது. 2018இல் தொடங்கிய 'ஜெனிசிஸ் மார்க்கெட்' என்னும் கள்ளச்சந்தை, நச்சுநிரல் புகுந்த 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளிலிருந்து எடுத்த 8 கோடிக்கும் மேற்பட்ட நுழைவு விவரங்களை விற்பனைக்கு வைத்திருந்தது. கடவுச்சொல்லோடு உலாவியின் கைரேகையும் விற்கப்பட்டது. வாங்கியவர் அதனை அணிந்துகொள்ளத் தனி உலாவியும் தரப்பட்டது. 2023 ஏப்ரலில் பல நாட்டுக் காவல்துறையினர் சேர்ந்து அச்சந்தையை முடக்கினர். வேடத்தைக் கண்டறியும் கலை வளர, வேடம் புனையும் கலையும் வளரும் என்பதற்கு இது சான்று.

ஆகையால்தான், கைரேகையை மட்டும் நம்பியிராமல் வேறு தடைகளும் தேவைப்பட்டன. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவெண்ணை விட்டு விலகுமாறு வங்கிகளைப் பணித்தது. கணக்கின் நடவடிக்கைகளை உறுதிப்படுத்த ஒரே ஒரு சாதனம், முதன்முறை பதியும்போது காத்திருப்புக் காலம், ஐயத்திற்குரிய நடவடிக்கையைக் கண்டறியும் விதிகளில் கூடுதல் கண்டிப்பு ஆகியனவும் அறிவிக்கப்பட்டன. அடுத்த மாதமே தேசிய மோசடி எதிர்வினை மையம் 997 என்னும் எண்ணுடன் செயல்படத் தொடங்கியது.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. தோட்டத்து வீட்டில் ஒரே கைப்பேசியை மூவர் பயன்படுத்துவதுண்டு. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன், தாயின் கணக்கை அங்கிருந்தே திறந்து கட்டணம் செலுத்துவதுண்டு. புதிய சாதனம், வேறு நாட்டு இணைப்பு என்னும் அடையாளங்கள் திருடனுக்கும் பொருந்தும், மகனுக்கும் பொருந்தும். கணினி இருவரையும் ஒன்றாகவே நிறுத்தும். இதனால் நேர்மையானவர் அலைக்கழிக்கப்படாதிருக்க, வங்கிகள் தடைக்கான காரணத்தை எளிய மொழியில் சொல்லவும், முகம் பார்த்துப் பேசும் முகப்பிடத்தைக் கைவிடாதிருக்கவும் வேண்டும். நம் பங்கும் உண்டு. தாயின் கடவுச்சொல்லை மகன் வைத்திருப்பதைவிட, தாய்க்கே அதனைக் கையாளக் கற்றுக்கொடுப்பது பாதுகாப்பானது, அவருக்குப் பெருமையும் ஆகும்.

எத்தனை காவல் இருந்தாலும், வீட்டுக்காரரே உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டால் பயனில்லை. தாம் தொடங்காத நடவடிக்கைக்கு ஒப்புதல் கேட்டுக் கைப்பேசி ஒலித்தால், மறுக்க வேண்டும். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொட்டு வங்கிக்குள் நுழையக்கூடாது. பணம் போய்விட்டதெனத் தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே வங்கியையும் 997ஐயும் அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குமுன் தடுப்பதே மீட்புக்கு வழி.

மாணவர்களே, இம்மூன்று செய்திகளையும் உங்கள் பாட்டி தாத்தாவுக்குத் தமிழில் சொல்லுங்கள். ஒப்புதல் கேட்கும் திரையில் என்ன எழுதியிருக்கின்றது என்பதை அவர்களுடன் அமர்ந்து படித்துக் காட்டுங்கள். ஆசிரியர்களே, பெற்றோர் சந்திப்பு நாளில் இதற்கென அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பல்லாண்டுப் பால்வெட்டில் சேர்ந்த பணத்திற்கு நாம் தரக்கூடிய காவல் இதுவே.