சோம்பல் என்று பெயர் பெற்ற ஒரு நோய்

(ஊராட்சி ஒன்றியக் கூட்டமொன்றில் மருத்துவ அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்துக்கு வருகிறவர்கள் தத்தம் வீட்டு அடுப்படியிலிருந்து ஒரு பிடி உப்பைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று கேட்டிருந்தேன். விதையும் உரமும் பாசனமும் பேசுகிற சபையில் உப்புக்கு என்ன வேலை என்று சிலர் வியந்ததாகக் கேள்விப்பட்டேன். பொட்டலம் மடியிலேயே இருக்கட்டும். பிறகு அதற்கு வருகிறேன்.

முதலில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஆரம்ப சுகாதார நிலையமொன்றில் பணியாற்றியபோது, நாற்பது வயது மதிக்கத்தக்க குடியானவப் பெண் ஒருவர் மாதந்தோறும் வருவார். ஓயாத அசதி, மலச்சிக்கல், மாத விலக்கில் மிகுந்த உதிரப்போக்கு என்பார். முகம் வெளிறியிருந்தது. இரத்த சோகை என்று நானே முடிவு கட்டி, இரும்புச் சத்து மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புவேன். இப்படியே ஓராண்டு கழிந்தது. சித்திரை வெயிலில் ஒரு நாள் அந்த அம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்றுதான் அவருடைய முகத்தை நான் உள்ளபடி பார்த்தேன். கண்ணிமைகள் தடித்திருந்தன, தோல் உலர்ந்து சொரசொரத்திருந்தது, புருவ மயிர் உதிர்ந்திருந்தது, குரல் கட்டிப்போய் ஆண் குரல்போல் ஒலித்தது. நாடி நிமிடத்துக்கு 54 தான். உடன் வந்த மாமியார், "களை எடுக்கப் போனால் வரப்பிலேயே உட்கார்ந்துவிடுகிறாள், ஐயா. வர வரச் சோம்பேறியாகிவிட்டாள்" என்று முறையிட்டார். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் தைராய்டு சுரப்பி ஏறக்குறையத் தன் வேலையை நிறுத்திவிட்டிருந்தது தெரிந்தது. சிகிச்சை தொடங்கிய சில மாதங்களில் அவர் மறுபடியும் நடவு வயலில் இறங்கினார். அந்த ஓராண்டு ஏச்சுக்கு நானும் ஒரு காரணம் என்பதனால்தான் எங்கே பேசக் கூப்பிட்டாலும் இந்த விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்த சிறு சுரப்பி. எடை ஏறத்தாழ 20 கிராம். இதில் ஊறும் தைராக்ஸின் என்ற நீர் இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் செல்கிறது. அடுப்பில் விறகைத் தள்ளுவதும் இழுப்பதும்போல, உடம்பு எவ்வளவு வேகத்தில் எரிபொருளைச் செலவிடவேண்டும் என்பதை அது நிர்ணயிக்கிறது. அது குறைந்தால் எல்லாமே மந்தமாகும். இதயம் மெல்லத் துடிக்கும், குடல் சோர்ந்து மலம் கட்டும், பிறர் வியர்க்கும்போது இவருக்குக் குளிரும், உணவு கூடாமலே எடை கூடும், ஞாபகம் தடுமாறும், தசைகள் பிடித்துக்கொள்ளும். பிள்ளைப் பேறு தள்ளிப்போவதும், கரு தரித்துக் கலைந்துபோவதும் சில பெண்களுக்கு இதனால் நேர்கின்றன. ஆடவரைவிடப் பெண்களுக்குப் பன்மடங்கு அதிகமாக வரும் நோய் இது. ஆகவே, மருமகள் சோம்பேறி என்று பஞ்சாயத்து வைப்பதற்கு முன் ஒரு தரம் அவளுடைய இரத்தத்தைச் சோதித்துவிடுங்கள்.

இந்த அறிகுறிகளில் ஒன்றிரண்டு யாருக்கும் இருக்கலாம். வேலை மிகுதியாலும் இரத்த சோகையாலும் கவலையாலும்கூட அசதி வரும். முகத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய இயலாது என்பதற்கு நானே சாட்சி. இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி.

அந்தப் பரிசோதனையின் பெயர் டி.எஸ்.எச். இதைப் பற்றி ஊரில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. சீட்டில் எண் உயர்ந்திருப்பதைக் கண்டு, "தைராய்டு அதிகமாகிவிட்டது" என்று சொல்லிக்கொள்கிறார்கள். விஷயம் நேர்மாறு. கண்மாய்ப் பாசனத்தை எண்ணிப் பாருங்கள். கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் வயற்காரர் மடையைப் பார்த்துச் சத்தம் போடுகிறார். தண்ணீர் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு சத்தம் உயரும். வயல் நிரம்பினால் அவர் வாயை மூடிக்கொள்வார். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பிதான் அந்த வயற்காரர். டி.எஸ்.எச். என்பது அவர் போடும் சத்தம். சத்தம் மிகுந்திருந்தால் தைராய்டிலிருந்து வருகிற நீர் போதவில்லை என்று பொருள். பெரும்பாலான பரிசோதனைக் கூடங்களில் பெரியவர்களுக்கு 0.4 முதல் 4 வரை சாதாரண அளவு. எண் உயர்ந்திருந்தால் தைராக்ஸின் அளவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தைராக்ஸின் சரியாயிருந்து டி.எஸ்.எச். மட்டும் சற்றே கூடியிருந்தால், அவசரப்பட்டு மாத்திரை தொடங்காமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிப்பார்கள். சிலருக்கு அது தானே இறங்கிவிடும். 10-க்கு மேல் நிலைத்திருந்தால் பொதுவாகச் சிகிச்சை தருவது வழக்கம். கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு, அவர்கள் காத்திருக்கலாகாது.

சிகிச்சையின் கதை ஆட்டு மந்தை வைத்திருப்பவர்களுக்குப் பிடிக்கும். 1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், செம்மறி ஆட்டின் தைராய்டிலிருந்து சாறெடுத்து, இந்நோயால் உருக்குலைந்திருந்த 46 வயதுப் பெண்மணிக்கு ஊசிமூலம் செலுத்தினார். அந்த அம்மாள் தேறி எழுந்து, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதுவரை இந்நோய்க்கு மருந்தே இல்லை. 1914-இல் அமெரிக்காவில் கெண்டல் என்பவர் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-இல் அதைச் செயற்கையாகவே செய்யக் கற்றார்கள். இன்று நாம் விழுங்கும் லெவோதைராக்ஸின் மாத்திரை, உடம்பில் ஊறும் தைராக்ஸினேதான், விலையும் குறைவு.

ஆனால் மாத்திரையைச் சாப்பிடுகிற முறையில்தான் பாதிப் பேர் தவறுகிறோம். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கவேண்டும். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காப்பியோ தேநீரோ ஆகாரமோ கூடாது. நம் வீடுகளில் காப்பிக்காகக் காத்திருப்பது பெருந்தவம் என்பதை அறிவேன். ஆயினும் காப்பி மருந்தை உடம்பில் சேரவிடாது. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே பரிசோதனையில் பலன் தெரியும். முதியவர்களுக்கும் இருதய நோயாளிகளுக்கும் மிகச் சிறிய அளவில் ஆரம்பிப்பார்கள். ஒருவருடைய மாத்திரையை மற்றொருவர் வாங்கிச் சாப்பிடுவதும், உடம்பு இளைக்க இதை உபயோகிப்பதும் ஆபத்து. நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும். உடம்பு தேறிவிட்டதென்று தாமாக நிறுத்துவதும் தவறு. மழை பெய்ததென்று மடையை அடைத்துவிட்டு மறந்தால் பயிர் என்னவாகும்? ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற பெண் கருவுற்றால், அறிந்த அன்றே மருத்துவரிடம் சொல்லவேண்டும். பெரும்பாலோருக்கு அளவைக் கூட்டவேண்டியிருக்கும். வயிற்றுக் குழந்தையின் மூளை, முதல் மாதங்களில் தாயின் தைராக்ஸினைக் கொண்டே வளர்கிறது.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது என் மனம் கனக்கிறது. நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று வீதம் தைராய்டு குறைவோடு பிறக்கிறது. பிறந்தபோது பெரும்பாலும் எந்த வேறுபாடும் தெரியாது. "அழாத சமர்த்துப் பிள்ளை, பாலுக்குக்கூட எழுப்பவேண்டியிருக்கிறது" என்று பாட்டி பெருமைப்படுவாள். மஞ்சள் காமாலை இறங்காதிருக்கும், தொப்புள் பிதுங்கும், நாக்குத் தடித்திருக்கும். இவை வெளிப்படையாகத் தெரியும்வரை காத்திருந்தால் மூளை வளர்ச்சி கெட்டுவிடும். இழந்ததைப் பின்னர் மீட்க முடியாது. பிறந்து சில நாட்களுக்குள் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் உண்மையைச் சொல்லிவிடும். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அக்குழந்தை மற்றப் பிள்ளைகளைப்போலவே படித்து முன்னேறும். உங்கள் ஊரில் நடக்கும் ஒவ்வொரு பிரசவத்துக்கும் இந்தச் சோதனை ஆயிற்றா என்று கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்பது உறுப்பினர்களாகிய உங்கள் கடமை.

இனி அந்த உப்புப் பொட்டலம். தைராக்ஸின் செய்யச் சுரப்பிக்கு அயோடின் என்ற தாது வேண்டும். பெரியவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. எழுபது ஆண்டு வாழ்பவருக்கு மொத்தத்தில் ஒரு தேக்கரண்டி அளவுதான். அதுவும் கிடைக்காத இடங்களில் கழுத்தில் கழலை தோன்றும். 1956-இல் இமயமலை அடிவாரத்திலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பையும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பையும் வழங்கினார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்டவர்களிடையே கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது.

கடற்கரைக்காரர்களாகிய நமக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். கடலில் விளைந்த உப்பு என்பதற்காக அதில் போதிய அயோடின் இராது. ஆலையில் கலந்தால்தான் உண்டு. தூத்துக்குடியும் வேதாரண்யமும் உப்பு விளைத்துத் தருகின்றன. ஆயினும் 2018-19-இல் நாடெங்கும் எடுத்த ஆய்வில், போதிய அயோடின் கலந்த உப்பை உபயோகிக்கும் வீடுகள் நூற்றுக்கு 76 இருக்க, தமிழ்நாட்டில் 62 தான். மாநிலங்களில் கடைசி இடம் நமக்கு. அயோடின் சேராத கல்லுப்பை நாம் விடாததே இதற்கு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். கல்லுப்பே வேண்டுமென்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பும் கடைகளில் கிடைக்கிறது. மூடியுள்ள பாத்திரத்தில், ஈரமும் வெயிலும் படாமல் வையுங்கள். சமையலின் முடிவில் போடுங்கள். உப்பின் அளவைக் கூட்டவேண்டியதில்லை. ஒன்று நினைவிருக்கட்டும்: சுரப்பி ஏற்கெனவே கெட்டுப்போனவருக்கு உப்பு மருந்தாகாது, மாத்திரைதான்.

செவிலியர் அம்மையார் மேசைமேல் சோதனைச் சொட்டு மருந்தை எடுத்து வைத்துவிட்டார். உப்பின்மேல் ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருக்குமாயின் நீல நிறமாக மாறும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். தலைவர் அவர்கள் தம் பொட்டலத்தை முதலில் பிரிப்பதாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் வரிசையாக வரலாம்.