கதிர் விதை மருத்துவமும் காத்துக்கொள்ளும் வழிகளும்



முதுமையில் ஆண்மக்களைப் பற்றும் நோய்களுள் புராஸ்டேட் புற்றுநோய் ஒன்றாகும். புராஸ்டேட் என்பது மூத்திரப்பையின் அடியில், மூத்திரக் குழாயைச் சூழ்ந்து, அக்ரோட்டுக் கொட்டை அளவில் அமைந்த சுரப்பி. அதன் பின்புறம் மலக்குடல் ஒட்டியுள்ளது. நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும் நிலையில் செய்யத்தக்க சிகிச்சைகளுள் ஒன்று, கதிரியக்க விதைகளை அதனுள் ஊன்றுவது.

விதை என்பது உவமைப் பெயரே. டைட்டேனிய உறைக்குள் அயோடின்-125 அடைத்த, 4.5 மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்குச்சி அது. மும்பையை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் இத்தகைய விதைகளை நம் நாட்டிலேயே உருவாக்கியுள்ளது. இதன் கதிர்வீச்சு ஏறத்தாழ 60 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். விதைகள் நிலையாக உள்ளேயே தங்கிவிடும்.

1970-களில் நியூயார்க்கில் டாக்டர் விட்மோர் முதலியோர் வயிற்றைத் திறந்து, கையால் தடவியறிந்து இவற்றைப் பதித்தனர். விதைகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் அமைந்தன. 1983-இல் டென்மார்க்கின் டாக்டர் ஹோம் குழுவினர், மீயொலிப் படத்தில் கண்டு, ஊசிவழியே ஊன்றும் முறையை வெளியிட்டனர். நன்மையும் தீமையும் விதை அமரும் இடத்தைப் பொறுத்தன என்பதே இவ்வரலாற்றின் பாடம்.

தொல்லைகளைக் குறைக்கும் முயற்சி, சிகிச்சைக்கு முன்பே தொடங்கவேண்டும். சுரப்பி மிகப் பருத்திருந்தாலும், சிறுநீர் கழிப்பதில் முன்னரே கடுந்தடை இருந்தாலும், பின்னர் அடைப்பு நேர்வது எளிது. ஆகையால் சிலருக்கு முதலில் மருந்தால் சுரப்பியைச் சுருக்குவர். சிலருக்கு வேறு சிகிச்சையே தக்கது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் அதனை டாக்டரிடம் தவறாது கூறவேண்டும்.

ஊன்றும்போது மருத்துவர், மூத்திரக் குழாய் செல்லும் நடுப்பகுதியில் விதைகளை நெருக்காமல், விளிம்புகளில் மிகுதியாக அமைப்பார். தனி விதைகள் இரத்தத்தோடு நுரையீரலுக்குச் செல்வதுண்டு. நூலில் கோத்தவை அவ்வாறு செல்வது குறைவு. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்து, கதிரளவு சரிதானா என்று கணக்கிடுவர். இப்பரிசோதனையைத் தவிர்த்தல் ஆகாது.

பின்வரும் மாதங்களில் எரிச்சலும், அடிக்கடி சிறுநீர் போதலும் இயல்பு, மெல்லத் தணியும். டாம்சுலோசின் போன்ற மருந்துகள் உதவும். காப்பியைக் குறைப்பதும், மலச்சிக்கல் இன்றிப் பார்த்துக்கொள்வதும் நலம். சிறுநீர் அறவே நின்றுவிட்டால் உடனே மருத்துவமனை செல்லவேண்டும். அடைப்புக்காகச் சுரப்பியைச் சுரண்டும் அறுவையை விரைந்து செய்துகொள்ளலாகாது. சிறுநீரை அடக்கும் ஆற்றலே போய்விடக்கூடும்.

வேலை நிமித்தம் ஊர்விட்டு ஊர் மாறும் நம்மவர்க்கு இனி வருவது மிக முக்கியம். ஓரிரு ஆண்டுகள் சென்றபின் சிலருக்கு மலத்தோடு சிறிது இரத்தம் கசியும். பெரும்பாலும் அது தானே ஆறிவிடும். ஆனால் விதை ஊன்றிய செய்தி அறியாத புதிய மருத்துவர், மலக்குடலின் முன்சுவரில் சதை கிள்ளிச் சோதித்தாலோ, சுட்டு ஆற்ற முயன்றாலோ, அப்புண் ஆறாமல், மூத்திரக் குழாய்வரை துளை விழக்கூடும். ஆதலின் விதை ஊன்றிய நாள், எண்ணிக்கை, மருத்துவமனையின் பெயர் ஆகியவை எழுதிய சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். முதலில் சிகிச்சையளித்த டாக்டரைக் கலந்து பேசுமாறு புதியவரை வேண்டிக்கொள்ளுங்கள்.

வீட்டாருக்கும் ஒரு சொல். முதல் இரண்டு மாதங்கள் குழந்தைகளை நெடுநேரம் மடியில் அமர்த்தவேண்டாம். கருவுற்ற பெண்களும் நெடுநேரம் அருகே அமரலாகாது. சிறுநீரில் விதை வெளிப்பட்டால் கையால் தொடாமல், கரண்டியால் எடுத்து மூடிய புட்டியில் இட்டு, மருத்துவமனைக்குத் தெரிவிக்கவேண்டும். ஓராண்டுக்குள் நோயாளர் எக்காரணத்தாலேனும் காலமானால், தகனத்துக்கு முன் அச்செய்தியைச் சிகிச்சை செய்த மருத்துவமனைக்கு அறிவித்தல் கடமை. ஓராண்டு சென்றபின் கதிர்வீச்சு எழுபதில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும்.

விதையை நட்டவர் மருத்துவர். காவல் காப்பவர் நோயாளரும் அவர்தம் குடும்பத்தாரும் ஆவர்.