மென்படலத்தில் தங்கும் ஒளி
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மின்சாரத்தைப் பற்றிப் பேசுவோர் அண்ணல் அம்பேத்கரை மறக்கலாகாது. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அவர், மின்சாரத் துறையையும் கவனித்தார். மலிவான மின்சாரம் தாராளமாகக் கிடைத்தாலன்றித் தொழில் வளராது, தொழில் வளர்ந்தாலன்றி வறுமை ஒழியாது என்று 1943ஆம் ஆண்டிலேயே வாதிட்டார்.

அந்த மலிவான மின்சாரத்திற்குக் கதிரவன் ஒரு வழி. இன்று நாம் காணும் சூரிய மின்பலகைகளில் பெரும்பாலானவை ஏறத்தாழ 150 மைக்ரான் கனமுள்ள சிலிக்கன் வில்லைகளால் ஆனவை. மென்படல மின்கலத்திலோ, கண்ணாடியின்மீது சில மைக்ரான் கனத்திற்கே மின்பொருள் பூசப்படுகிறது. 1976இல் அமெரிக்காவில் கார்ல்சன், ரான்ஸ்கி ஆகியோர் அறிவித்த சிலிக்கன் படலம் ஒரு மைக்ரான் அளவையே ஒட்டியது. இதனால் பொருட்செலவு குறைகிறது. ஆனால் ஒரு தொல்லையும் உண்டு. நீல ஒளியைப் படலம் எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். சிவப்பு ஒளியோ சிலிக்கனுக்குள் நெடுந்தொலைவு சென்றால்தான் உறிஞ்சப்படும். படலம் மெல்லியதாதலால் அவ்வொளி பயன்தராமலே வெளியேறிவிடுகிறது.

இதற்கு என்ன செய்வது? வயலில் நீரைத் தேக்க நம் முன்னோர் நிலத்தை ஆழத் தோண்டவில்லை. ஒரு சாண் உயர வரப்பு எழுப்பினார்கள். ஓடிய நீர் நின்றது. மண் அதைக் குடித்தது. ஒளிக்கும் அவ்வாறே வரப்புக் கட்டலாம். படலத்தின் பரப்பில் சில நூறு நானோமீட்டர் அளவுள்ள மேடுபள்ளங்களை அமைக்கிறார்கள். மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்கிட்டால் ஒரு பங்கே நானோமீட்டர். நேராக வந்த ஒளி அந்த மேடுபள்ளங்களில் பட்டுச் சாய்வாகச் சிதறி, படலத்தின் உள்ளேயே மோதித் திரும்பி நெடுந்தொலைவு அலைகிறது. சிலிக்கனில் ஒளியின் பாதை இவ்வாறு ஏறத்தாழ 50 மடங்கு வரை நீளக்கூடும் என்பது 1982இல் யாப்லோனோவிச் என்னும் அறிஞரின் ஆய்விலிருந்து பெறப்படும் கணக்கு.

ஆயினும் கரடுமுரடு மிகுந்தால் தீங்கும் உண்டு. பரப்பு கூடக் கூட, ஒளியால் பிறந்த மின்னூட்டங்கள் வெளியே வருமுன் அழியும் இடங்களும் கூடுகின்றன. ஒளியையும் தங்கவைத்து, மின்னூட்டத்தையும் காப்பது எவ்வாறு? ஆய்வாளர்கள் இன்றும் விடை தேடும் வினா இதுவே.

இளைஞர்களே! இவ்வினா தொலைதூர நாட்டினருக்கு மட்டும் உரியதன்று. கீழ்க்கட்டளைக்கு அருகே குரோம்பேட்டையில் 1949இல் தோன்றிய எம்.ஐ.டி. கல்லூரி இருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றாற்றல் நிறுவனம் நாடெங்கும் வெயிலின் அளவையும் கணக்கிட்டு வருகிறது. திருப்பெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் மென்படல மின்பலகைத் தொழிற்சாலை 2024 சனவரியில் திறக்கப்பட்டது.

அங்கெல்லாம் நம் பிள்ளைகள் பலகை தூக்குவோராக மட்டும் நுழைவதோ? தூக்கும் உழைப்பு இழிவன்று. அறிவின் வாயில் அடைபட்டிருப்பதே இழிவு. இயற்பியலையும் கணிதத்தையும் கண்டு அஞ்சாதீர்கள். பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். முனைவர் பட்ட ஆய்வுக்குப் பட்டியல் சாதி மாணவர்க்கென மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. வழி கூறும் கடமை சங்கத்தைச் சார்ந்தது. நடக்கும் கடமை உங்களைச் சார்ந்தது.

கதிரவன் சேரி என்றும் ஊர் என்றும் பார்த்துக் காய்வதில்லை. அவ்வொளியை மின்சாரமாக்கும் கல்வியும் அவ்வாறே பொதுவாகட்டும்.