ஓடுகிற பிள்ளையின் காலைக் கட்டாதீர்கள்

கெடா மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, தோட்டம் கைமாறி வீடு இடிபட்ட பிறகும் "எந்த ஊர்?" என்று கேட்டால் தோட்டத்தின் பெயரையே சொல்லும் பெரியவர்களே!

பள்ளி விளையாட்டு விழாவில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு காட்சி இந்த அரங்கில் யாருக்கும் புதிதல்ல. திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என நான்கு இல்லங்களுக்கும் கூடாரம் எழுந்தாயிற்று. மரத்தடியில் மைலோ வண்டி. அதன் முன்னால் வளைந்து வளைந்து போகும் வரிசை. ஒலிபெருக்கி 100 மீட்டர் முடிவைச் சொல்கிறது: முதலிடம் நீல இல்லத்துப் பெண். 200 மீட்டர், அதே பெண். நீளம் தாண்டுதல், அதே பெண். நான்காம் முறை அந்தப் பெயர் ஒலித்ததும் பக்கத்துக் கூடாரத்தில் ஒரு தாயின் குரல் எழும்: "எல்லாத்தையும் ஒரே பிள்ளைக்குக் குடுத்தா, மத்த பிள்ளைங்க எதுக்கு வந்திச்சிங்க?"

அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. கூலிம் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல், பிள்ளை ஓடுவதைப் பார்க்க நேரே திடலுக்கு வந்தவர் அவர். அவருடைய மகனும் மூன்று வாரம் மாலையில் பயிற்சி எடுத்தவன்தான்.

இதற்காகத்தான் ஒரு பிள்ளை இத்தனை தனிநபர் போட்டியில்தான் இறங்கலாம், அதற்கு மேல் அஞ்சல் ஓட்டம் மட்டும் என்று பள்ளிகள் வரம்பு வைக்கின்றன. நல்ல விதி. ஐந்து போட்டியில் ஓடிய பிள்ளை ஆறாவதில் மயங்கி விழக் கூடாது. மற்றப் பிள்ளைக்கும் ஒரு தடம் கிடைக்க வேண்டும். அதோடு நின்றால் இந்த மேடையில் இவ்வளவு பேச வேண்டியதில்லை. "போன வருஷம் ஜெயிச்ச பிள்ளைய இந்த வருஷம் இறக்காதீங்க, மத்தவங்க மனசு ஒடஞ்சி போவுது" என்று அதற்கு அடுத்த படிக்குப் போகிறார்களே, தகராறு அங்கேதான் ஆரம்பம்.

அமெரிக்காவில் இதைச் செய்தே பார்த்தார்கள். கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரம், 2008ஆம் ஆண்டு. சிறுவர் பேஸ்பால் ஆட்டத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பந்தை மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தான். எறிந்தது இலக்கு தவறவில்லை, யாரையும் அடிக்கவும் இல்லை. எதிரணிப் பிள்ளைகளால் மட்டையால் தொட முடியவில்லை, அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அவன் எறியக் கூடாது என்று நிர்வாகம் சொன்னது. பயிற்றுநர் கேட்கவில்லை, பையனை எறிய நிறுத்தினார். எதிரணி சாமான்களைத் தூக்கிக்கொண்டு திடலை விட்டே வெளியேறியது. ஒன்பது வயதுப் பிள்ளை பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். எதிரில் மட்டை பிடிக்க ஆள் இல்லை. நன்றாக ஆடியதற்கு அவன் கண்ட பலன் அதுதான்.

"வேறு இடத்தில் நின்று ஆடட்டும், இல்லையென்றால் மூத்த பிள்ளைகளின் அணிக்குப் போகட்டும்" என்று அந்த நிர்வாகம் சொல்லத்தான் செய்தது. அதையும் மறைக்க வேண்டாம். மூத்தவர்களோடு ஆடுவது நல்ல வழிதான். ஆனால் பருவத்தின் நடுவில், பிள்ளையை நண்பர்களிடமிருந்து பிரித்து, தண்டனையைப்போல் நீட்டினால் எந்தப் பிள்ளை ஏற்றுக்கொள்ளும்?

வரம்பிலும் இரண்டு வகை உண்டு. அதே பேஸ்பாலில், 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் எறியக் கூடாது என்று லிட்டில் லீக் அமைப்பு 2007இல் விதி கொண்டுவந்தது. அந்த விதி பிள்ளையின் தோளையும் முழங்கையையும் காப்பாற்றுகிறது. டென்னிஸில் ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990இல், பதினான்கு வயதுகூட நிறையாமல், தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து சில ஆண்டுகளில் களைத்து விலகினார். அதைப் பார்த்த பிறகே இளம் பெண்கள் ஆண்டுக்கு இத்தனை போட்டிதான் ஆடலாம் என்று 1995 முதல் கட்டுப்பாடு வந்தது. தோட்டத்தில் பால்வெட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மரத்துக்கு வயசு எத்தனை என்று மட்டும் பார்த்தா வெட்டுத் திறப்பார்கள்? தண்டின் சுற்றளவை அளந்து பார்த்துத்தானே திறப்பார்கள். அளவுக்கு மிஞ்சி வெட்டினால் பட்டை காய்ந்துவிடும் என்பது பால்வெட்டின் பாலபாடம். பிள்ளையின் உடம்பைக் காக்க வைக்கும் வரம்பை இரு கைகூப்பி வரவேற்கலாம். அடுத்த வீட்டுக் கோப்பைக்காக வைக்கும் வரம்பை ஏற்க முடியாது.

பக்கத்து மாநிலத்து நிக்கோல் டேவிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 பேங்காக் ஆசிய விளையாட்டில் சுவர்ப்பந்துத் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 15. அடுத்த ஆண்டே உலக இளையோர் பட்டம். அது 19 வயதுக்குட்பட்ட பெண்கள் ஆடும் போட்டி. 2001இல் மறுபடியும் அதே பட்டம். "போதும் பாப்பா, ஒருமுறை ஜெயிச்சிட்டே, மத்தவங்களுக்கு விடு" என்று அன்றைக்கு யாராவது கதவைச் சாத்தியிருந்தால்? எட்டு முறை உலக வெற்றியாளரான ஒருவர் பினாங்கிலிருந்து வந்திருப்பாரா?

ஆற்றுக்கு இந்தப் பக்கம் கெடாவில் பிறந்த சிவசங்கரி சுப்பிரமணியம் இருக்கிறார். கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள், அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தட்டினாலும் தகும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 19 வயதில் இறுதியாட்டத்துக்கு வந்தார். எதிரில் நின்றவர் தன்னைவிடப் பதினைந்து வயது மூத்த அதே நிக்கோல். ஐந்து செட் வரை போராடி வெள்ளியோடு வந்தார். 2022இல் சாலை விபத்தில் படுகாயம். காமன்வெல்த் போட்டி கைநழுவியது. 2023இல் ஹாங்சோவில் ஆசியத் தங்கம். 2024இல் லண்டன் கிளாசிக் இறுதியாட்டத்தில் எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியை வீழ்த்திப் பட்டம். 19 வயதுப் பெண்ணை நிக்கோலுக்கு எதிரில் நிறுத்தியபோது "இது நியாயமா, சின்னப் பிள்ளையாச்சே" என்று யாரும் அவரைக் காக்கப் புறப்படவில்லை. "நிக்கோல் ஒதுங்கட்டும்" என்றும் யாரும் கேட்கவில்லை. அந்த ஐந்து செட்டில் அவர் கற்றதை எந்தப் பயிற்சி முகாம் கொடுத்திருக்கும்?

நியாயம், நியாயம் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்களில் சிலர் செய்யும் அநியாயத்தையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். பெயர் வேண்டாம், அவர்களுக்கே தெரியும். வயது மீறிய பையனை வயது குறைந்தோர் ஆட்டத்தில் இறக்கி, கோப்பையைத் தூக்கிப் படம் பிடித்து, அதை அலுவலகச் சுவரில் மாட்டுகிறவர்கள். இந்தியக் கிரிக்கெட் வீரர் ராகுல் டிராவிட் 2015இல் டெல்லியில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் இந்த வயது மோசடியைத்தான் வெளிப்படையாகக் கண்டித்தார். பயிற்றுநரும் பெற்றோரும் சேர்ந்து பிள்ளைக்குப் பொய்யைப் பாடமாக்குகிறார்கள் என்பது அவருடைய வேதனை. ஆனால் மீசை அரும்பிய எல்லாப் பிள்ளையும் வயது மறைத்தவன் அல்ல. பன்னிரண்டிலேயே வளர்ந்துவிடும் பிள்ளையும் உண்டு. வேலிக்கு வெளியே நின்று கிசுகிசுத்து அவனை அழவைக்காதீர்கள். பிறப்புப் பத்திரத்தைப் பாருங்கள். ஃபிஃபா 2009 முதல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் மணிக்கட்டு எலும்பையே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறது. சந்தேகம் இருந்தால் சோதனைக்குப் போங்கள். வதந்தியை வைத்து ஒரு பிள்ளையை ஓரங்கட்டாதீர்கள்.

வயதிலேயே இன்னொரு சங்கதியும் இருக்கிறது. நம் பள்ளிப் போட்டிகள் பிறந்த ஆண்டைக் கணக்கில் எடுப்பவை. ஜனவரி முதல் வாரம் பிறந்தவளும் டிசம்பர் கடைசி வாரம் பிறந்தவளும் ஒரே பிரிவு. பத்து வயதில் ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம் என்றால் கால் நீளமே வேறு. கனடாவில் 1980களில் ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்தபோது ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகியிருந்தார்கள். டிசம்பர் பிள்ளைகள் திறமை தெரியும் முன்னே ஒதுங்கிப்போனார்கள். நியூசிலாந்தில் சிறுவர் ரக்பியை எடைப்படி பிரிக்கிறார்கள். நம் சடுகுடுவிலும் எடை வரம்பு உண்டே, அதை யாராவது அநியாயம் என்றார்களா? இங்கிலாந்துக் காற்பந்துப் பயிற்சிக்கூடங்கள் 2015 வாக்கில் பிள்ளைகளை வயதை விட்டு வளர்ச்சிப்படி சேர்த்து ஆடவைத்துப் பார்த்தன. சீக்கிரம் வளர்ந்தவன் உடல் பலத்தை மட்டும் நம்ப முடியவில்லை. கால்திறமையைக் காட்ட வேண்டியதாயிற்று. சின்னவனுக்கும் பந்து கிடைத்தது.

யாரையும் வீட்டுக்கு அனுப்பாமலே இதெல்லாம் முடிகிறது.

கெடாவின் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் எத்தனையோ பள்ளிகள் 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளிகள். பாடாங் செராய், பீடோங், கோல கெட்டில் பக்கம் போய்ப் பாருங்கள். ஆறாம் ஆண்டில் ஐந்தாறு பெண்பிள்ளைகள்தான் இருப்பார்கள்; அஞ்சல் ஓட்டத்துக்கு நாலு பேர் சேர்ப்பதே பாடு. அங்கே ஒரே பெண் எல்லாப் போட்டியிலும் ஓடுவது பேராசையால் அல்ல, ஓட வேறு ஆள் இல்லாததால். வட்டாரப் போட்டிக்கு அந்தப் பள்ளி கொண்டுவரும் ஒரே நம்பிக்கை அவள். பெரிய பட்டணப் பள்ளிக்குப் போடும் அதே வரம்பை அவள் தலையிலும் போட்டால் ஒரு பிள்ளையோடு ஒரு பள்ளியே திடலை விட்டு வெளியேறும்.

அவளுக்குப் பின்னால் ஓர் ஆசிரியர் நிற்பார். எந்தத் தோட்டப் பள்ளியிலும் அவரைப் பார்க்கலாம். சொந்தக் காரில் முன்னால் இருவர், பின்னால் நால்வர், டிக்கியில் ஸ்பைக்ஸ் காலணிப் பை, தண்ணீர்க் கலன், சார்டின் ரொட்டி. பெட்ரோல் காசு யாரிடமும் கேட்டதில்லை. மூத்த பிள்ளைகளோடு பயிற்சி எடுக்க அந்தப் பெண்ணை வாரம் இருமுறை சுங்கை பட்டாணி வரை கொண்டுபோய், இருட்டிய பிறகு வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறவர் அவர்தான். அவள் எங்கோ மேடையேறும்போது அவர் பெயரை யாரும் வாசிப்பதில்லை. "மேல் பிரிவுக்குப் போகட்டும்" என்று சொல்வது வாய்க்குச் சுலபம். அங்கே கொண்டுபோய் விடுவது யார்? வேன் யாருடையது?

கட்டுப்பாட்டால் நல்லது நடந்த கதையும் உண்டு. ஒரு வீரர் ஒரே ஒரு 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம்தான் ஆடலாம் என்று இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2016இல் முடிவெடுத்தது. சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர் அந்த ஆண்டே ஆடிவிட்டார். 2018க்கு வயது இருந்தும் இளையோர் அணியின் கதவு மூடிவிட்டது. என்ன ஆனது? 2017 டிசம்பரில் மொகாலியில் இலங்கைக்கு எதிராக மூத்த இந்திய அணியிலேயே இறங்கினார். கீழ்க் கதவை மூடியபோது மேல்கதவு திறந்திருந்தது. அப்படித் திறந்து வைத்துவிட்டு விதி போடுங்கள், யார் எதிர்ப்பார்கள்?

ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் முன்னாள் மாணவர் சங்கங்களுக்கும் இந்த மேடையின் வேண்டுகோள் இதுதான். அடுத்த விளையாட்டு விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். முதல் சுற்றில் தோற்ற பிள்ளைகளுக்கு இரண்டாவது இறுதி ஓட்டம் ஒன்று வையுங்கள். அந்த இரவு ஷிப்ட் தாயின் மகனும் ஒரு பதக்கத்தோடு வீட்டுக்குப் போகட்டும். சின்னப் பள்ளிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஓர் அஞ்சல் ஓட்ட அணி அனுப்ப வட்டார அளவில் அனுமதி கேளுங்கள். மேடை அலங்காரத்துக்கும் மாலை மரியாதைக்கும் ஒதுக்கும் பணத்தில் பாதியை எடுத்து, அந்தப் பெண்ணைப் பயிற்சிக்கு ஏற்றிப்போக ஒரு வேன் வாடகைக்குப் பிடியுங்கள். இந்த ஆண்டாவது அந்த ஆசிரியருக்குப் பெட்ரோல் காசு கொடுங்கள்.